‘இன்ஃபர்மேஷன்ஸ்’ ஏன் தப்பு?

கேள்வி: அலுவலகக் கடிதம் ஒன்றில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் கடைசி ‘ஸ்’ஸை அடித்துவிட்டார். தமிழில் ‘தகவல்கள்’ என்கிறோமே, ஆங்கிலத்தில் ஏன் கூடாது? (கரூர் வாசகி)

பதில்: உங்களைத் தடுக்கிவிட்டதே அந்தத் ‘தகவல்கள்’தான். தகவல், அறிவுரை, செய்தி மூன்றுக்கும் நாம் தயங்காமல் ‘கள்’ போடுகிறோம். ஆங்கிலமோ இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ் மூன்றையும் தண்ணீர், மணலோடு சேர்த்துவிட்டது. நாமும் ‘தண்ணீர்கள்’ என்பதில்லையே! எதை எண்ணலாம் என்பதில் மொழிக்கு மொழி வழக்கு வேறு. இதே இன்ஃபர்மேஷன் பிரெஞ்சில் பன்மை ஏற்கும்.

‘ஸ்’ஸை நீக்கியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முன்னால் வரும் ‘எ’, ‘ஆன்’ இரண்டையும் நீக்க வேண்டும். ‘ஆன் அட்வைஸ்’, ‘எ குட் நியூஸ்’ இரண்டும் பிழை. வினையும் ஒருமையில்தான் வரும். நியூஸ் ‘ஸ்’ஸில் முடிந்தாலும் ‘தி நியூஸ் இஸ்’ என்றே எழுத வேண்டும். ஒன்று, இரண்டு என்று சொல்லியே ஆகவேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’.

கடிதத்தில் இதைவிட எளிய வழி, எண்ணக்கூடிய வேறு சொல்லுக்குத் தாவிவிடுவது. இன்ஃபர்மேஷனுக்கு டீட்டெயில்ஸ், அட்வைஸுக்கு சஜஷன்ஸ், லக்கேஜுக்கு பேக்ஸ், எக்விப்மென்ட்டுக்கு டூல்ஸ் அல்லது மெஷின்ஸ். ஃபர்னிச்சருக்கு அப்படி ஒரு சொல் கைவசம் இல்லை. நான்கு நாற்காலி, இரண்டு மேசை என்று பிரித்தே எழுதுங்கள். சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ என்றிருந்தால் எண்ணலாம், ‘யு’ என்றிருந்தால் எண்ணக்கூடாது.

கேள்வி: எக்ஸ்பீரியன்ஸ், ஹேர், ஒர்க் எல்லாம் சில இடத்தில் ‘ஸ்’ இல்லாமலும் சில இடத்தில் ‘ஸ்’ஸோடும் வருகின்றனவே? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: ‘ஸ்’ சேர்ந்தால் பொருள் மாறிவிடும். பயோடேட்டாவில் ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது பணி அனுபவம். ‘எக்ஸ்பீரியன்ஸஸ்’ என்றால் உங்களுக்கு நேர்ந்த சம்பவங்கள். அதைப் பேட்டி எடுப்பவர் கேட்கவில்லை! தலைமுடி முழுக்க ‘ஹேர்’. சாம்பாரில் கிடக்கும் ஒற்றை முடி ‘எ ஹேர்’. தினசரி வேலை ‘ஒர்க்’. கட்டுமானப் பணிகளும் கலைஞரின் படைப்புகளும் ‘ஒர்க்ஸ்’. பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இந்த ஒர்க்ஸ்தான்.

கேள்வி: அரிசிக்கு ‘ரைஸ்’, பட்டாணிக்கு மட்டும் ‘பீஸ்’ என்று பன்மை ஏன்? (ஈரோடு வாசகி)

பதில்: பட்டாணியின் கதை வேடிக்கையானது. முன்பு ‘பீஸ்’ என்பதே ஒருமைச் சொல். அரிசியைப் போலக் குவியலைக் குறித்தது. அதன் கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று எண்ணிக்கொண்டவர்கள், 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அதை வெட்டி ‘பீ’ என்ற புதுச் சொல்லையே உண்டாக்கிவிட்டார்கள். இதற்கெல்லாம் விதி தேடாதீர்கள். கோதுமையைக் குறிக்கும் ‘வீட்’ ஒருமை, ‘ஓட்ஸ்’ பன்மை; மனப்பாடம்தான் வழி.

கேள்வி: பணத்தை எண்ணுகிறோமே, ‘மெனி மனி’ ஏன் தவறு? (பள்ளி மாணவர், நாகர்கோவில்)

பதில்: நாம் எண்ணுவது ரூபாயை. ‘ஹவ் மெனி ருபீஸ்’, ஆனால் ‘ஹவ் மச் மனி’.