பி.காம். சேர்க்கலாமா?

கணக்கு வேலையெல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடும்போது மகளை பி.காம். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் பில்லைப் பார்த்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடும் வேலையை நம்பிச் சேர்க்காதீர்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், மற்ற நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்) போடுவது 2023 ஆகஸ்டிலிருந்து கட்டாயம். அந்த விவரம் ஜி.எஸ்.டி. தளத்துக்குத் தானாகப் போய்விடுகிறது. திரும்பத் தட்டச்சு செய்ய ஆள் எதற்கு?

ஆள் தேவைப்படுவது, கணக்கு இடிக்கும் இடத்தில். கடையின் கொள்முதல் பில்களும், சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து மாதம் 14ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் 2பி பட்டியலும் அப்படியே ஒத்துப்போவது அபூர்வம். சப்ளையர் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை) அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். ஒரே பில்லைக் கடைக்காரர் ‘045’ என்றும் சப்ளையர் ‘45’ என்றும் பதிந்திருப்பார்கள். இதையெல்லாம் மென்பொருள் பெரும்பாலும் பிடித்துவிடும். அது சறுக்குவது வேறு இடத்தில். 2பியில் வந்துவிட்டது என்பதற்காக எல்லா வரவையும் எடுத்துவிட முடியாது. முதலாளி கடைப் பெயரில் வாங்கிய சொந்த உபயோகக் காருக்கு வரவு கிடையாது. சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் போகவில்லை என்றால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். கார் யாருக்கு, பணம் ஏன் நிற்கிறது என்பதெல்லாம் பில்லில் இருக்காது. கடைக்காரரிடம் கேட்க வேண்டும்; அவர் மழுப்பினால் மறுபடியும் கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவதும் இந்த ஆள்தான். சிறு வியாபாரிகள் ஆடிட்டரை விடாமல் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

மூன்று மாத டேலி சான்றிதழை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது, என் கணிப்பில், இனி வீண். மகள் முதலாண்டிலேயே தெரிந்த கடை ஒன்றில் அனுமதி கேட்டு, ஒரு மாதத்துக் கொள்முதல் பில்கள் நாற்பதையும் அதே மாதத்து 2பியையும் வாங்கிக்கொள்ளட்டும். எக்செலில் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் வைத்துப் பொருத்தி, பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதட்டும். பிறகு பெயர்களையும் எண்களையும் மறைத்துவிட்டு ஏ.ஐ. கருவியிடம் அதையே கொடுத்து, அது எங்கே தவறியது என்று குறிக்கட்டும்.

சி.ஏ. எனும் ஆடிட்டர் படிப்பு எண்ணம் இருந்தால், அதன் முதல் கட்டமான பவுண்டேஷன் தேர்வில் 4 தாள். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது 2 ஆண்டு. அலுவலகத்தின் பெயரைவிட, வாடிக்கையாளரிடம் நேரில் பேச விடுவார்களா என்று விசாரித்துச் சேருங்கள். அந்த நாற்பது பில்லே அவளுக்குச் சலித்துவிட்டால், சி.ஏ.வுக்குப் பணம் கட்டும் முன் வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம்.