ஹைபிரிட் காரின் மிச்சமும் அடகில் இருக்கும் நகையும்

கேள்வி: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கிறோம். கணவருக்குக் கிண்டியில் வேலை. பெரும்பாலும் காரில்தான் போய் வருகிறார். மாதம் 900 கிலோமீட்டர் ஓடும் எங்கள் 2016ஆம் ஆண்டு சிறிய கார் லிட்டருக்கு 14 கொடுக்கிறது. மணலி, எண்ணூர்ப் புகையில் மகனுக்கு இழுப்பு வருகிறது. நம் பங்குக்காவது புகையைக் குறைக்கலாம் என்று, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார் பார்த்தோம். விலைச்சீட்டில் பெட்ரோல் கார் எல்லாம் சேர்த்து 16.5 லட்சம், ஹைபிரிட் 20.5 லட்சம். கையில் 2 லட்சம் இருக்கிறது. 2021இல் நாத்தனார் கல்யாணத்துக்கு வைத்த நகைக்கடன் 3 லட்சம் (வட்டி 9.5 சதவீதம்) இன்னும் இருக்கிறது, ஆண்டுதோறும் வட்டி கட்டிப் புதுப்பிக்கிறோம். தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்கு மேலும் 4 லட்சம் கிடைக்குமாம். மீதிக்குக் கார் கடன், மாதம் 23,000 தவணை. ஹைபிரிட்டுக்குச் சாலை வரி கிடையாது, பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை அடைந்துவிடும் என்கிறார் கொழுந்தனார். வாங்கலாமா?

பதில்: கொழுந்தனார் சொன்ன வரிச் சலுகை 2024இல் உத்தரப் பிரதேசம் அறிவித்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 18 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 20 சதவீதமும் சாலை வரி உண்டு. ஹைபிரிட் என்பதற்காக அது குறைவதில்லை. உங்கள் விலைச்சீட்டிலேயே சாலை வரி தனியாகக் குறித்திருக்கும், பாருங்கள்.

அடுத்தது மைலேஜ். கிராண்ட் விட்டாரா காரை எடுத்துக்கொண்டால், அதன் ஹைபிரிட் வகைக்குச் சோதனை மைலேஜ் 27.97, சாதாரண பெட்ரோல் வகைக்கு 21.11. இவை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி, ஏ.சி.யை அணைத்துவைத்து எடுத்த கணக்குகள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால், மே மாத வெயிலில், ஏ.சி. ஓட நிற்கும் காருக்கு இரண்டுமே பொருந்தாது. ஆனால் இந்த நெரிசல்தான் ஹைபிரிட்டுக்குச் சாதகமான இடம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்து, ஊர்ந்து நகரும்போது இன்ஜினை அணைத்து மோட்டாரில் ஓட்டுகிறது. அந்தப் பேட்டரி சிறியது, ஏ.சி.யும் அதிலிருந்தே எடுப்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இன்ஜின் தானாக விழித்துக்கொள்ளும். சுவரில் செருகி மின்னேற்ற வழியில்லாத இந்தக் காரில் எல்லா ஆற்றலும் கடைசியில் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. ‘மைல்டு ஹைபிரிட்’ என்று விற்கப்படுபவை மோட்டாரில் மட்டும் ஓடவே மாட்டா. அவற்றைப் பெட்ரோல் கார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நம் சாலைக்குப் பெட்ரோல் காருக்கு 13, ஹைபிரிட்டுக்கு 20 என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 10,800 கிலோமீட்டருக்கு முன்னதற்கு 830 லிட்டர், பின்னதற்கு 540 லிட்டர். மிச்சம் 290 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் ஏறத்தாழ 29,000 ரூபாய், மாதத்துக்கு 2,450. இந்த மிச்சத்துக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 4 லட்சத்தை 9 சதவீதத்தில் 7 ஆண்டுக் கடனாகப் பிரித்தால் மாதம் 6,400 ரூபாய்க்கு மேல் வருகிறது. தவணை முழுவதும் இருக்கட்டும், இந்தக் கூடுதல் பகுதியே பெட்ரோல் மிச்சத்தில் அடையாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது காரைவிட அந்த நகைக்கடன்தான். 3 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 28,500 ரூபாய். அதாவது, 20 லட்சம் போட்டு வாங்கும் ஹைபிரிட் ஓராண்டில் எவ்வளவு மிச்சப்படுத்துமோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் 2021 முதல் ஆண்டுதோறும் வங்கியில் கட்டிவருகிறீர்கள். இதன்மேல் இன்னும் 4 லட்சம் எடுத்தால் வட்டி மட்டும் 66,500 ஆகும். தங்கம் விலை ஏறியது உங்களுக்கு வந்த வருமானம் அன்று. அதே வளையல், அதே சங்கிலி, மீட்க வேண்டிய தொகை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். விலை ஏறும்போதெல்லாம் நகையின் மேல் கூடுதலாக வாங்குவதும், வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிப்பதும் வடசென்னையில் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. கல்யாணத்துக்கு வைத்ததை நான் குறை சொல்லவில்லை. அதை மீட்காமலே அடுத்த செலவுக்கு அதையே நம்புவதைத்தான் சொல்கிறேன். கொழுந்தனார் காருக்கு யோசனை சொல்லட்டும். தன் தங்கையின் கல்யாணக் கடனில் அவர் பங்கு என்ன என்பதையும் உங்கள் கணவர் ஒருமுறை கேட்கலாம்.

மகனின் இழுப்பைப் பற்றி எழுதியதால் புகையையும் கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 290 லிட்டர் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 650 கிலோவுக்கு மேல் குறையும். நல்லதுதான். ஆனால் பிள்ளையின் நெஞ்சை அடைப்பது கரியமில வாயு அன்று. நுண்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். அவற்றில் ஹைபிரிட்டுக்கும் பெட்ரோல் காருக்கும் பி.எஸ்.6 என்ற ஒரே அரசுப் புகை வரம்புதான். டீசல் லாரிகளும் அனல்மின் நிலையங்களும் மணலி ஆலைகளும் சூழ்ந்த இடத்தில் உங்கள் ஒரு காரை மாற்றுவதால் வீட்டுக் காற்றில் வித்தியாசம் தெரியாது.

கரியமில வாயுவைக் குறைக்கவும் கார் மாற்றத் தேவையில்லை. 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை ஓடும் மெட்ரோ, காலடிப்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மாறாமல் போகிறது. கணவர் வாரம் இரண்டு நாள் அதில் போனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் குறையும். இப்போதைய காரின் 14 மைலேஜில் அது 285 லிட்டர், ஹைபிரிட் தரும் அதே மிச்சம். அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய் என்பதால் டிக்கெட் போகவும் 18,000 ரூபாய்க்குமேல் கையில் நிற்கும். அந்த ரயிலின் மின்சாரத்திலும் நிலக்கரி உண்டு. ஆனால் அவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ரயில் ஓடத்தான் போகிறது.

கையிலுள்ள 2 லட்சத்தை இந்த மாதமே நகைக்கடனின் அசலில் கட்டுங்கள். வட்டியில் வரவு வைக்காமல் அசலில் கழித்திருக்கிறார்களா என்று ரசீதில் பாருங்கள். மாதம் 23,000 தவணை கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அதையே கட்டினால் மீதி ஒரு லட்சம் ஐந்து மாதத்தில் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். பிறகு அதே தொகையை இரண்டு ஆண்டு தொடர் வைப்பில் போட்டால் ஐந்தரை லட்சம் சேரும். அப்போதும் ஹைபிரிட் வேண்டும் என்றால், இரண்டு மூன்று ஆண்டு ஓடிய வண்டியைப் பாருங்கள். இந்த வகைப் பேட்டரிகளுக்கு வழக்கமாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள்; அதில் எவ்வளவு மிச்சம், உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.