மருத்துவத் திரில்லர் படம் போலவே நிஜத்தில் நடந்த வைரஸ் பரவல் ஏதாவது உண்டா?

உண்டு. 1998-99ல் மலேசியாவில் நடந்த நிபா வைரஸ் பரவல். படத்தில் வருகிற துரத்தல், ஹெலிகாப்டர் எதுவும் இதில் கிடையாது. எதிரி யாரென்றே தெரியாமல் மாதக்கணக்கில் வேறு யாரையோ அடித்துக்கொண்டிருந்த கதை. எனக்கு அதுதான் அதிகம் பதறுகிறது.

1998 செப்டம்பர் கடைசி. பேராக் மாநிலத்தில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணை ஆட்களுக்குக் காய்ச்சல், தலைவலி, அப்புறம் நினைவு தப்பியது. பன்றியும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான். சிலருடைய ரத்தப் பரிசோதனையும் அப்படியே சொன்னது. சரி என்று புகை மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

துப்பெல்லாம் கண்முன்னேயே கிடந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள், அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். பன்றிப் பக்கமே போகாத முஸ்லிம்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கொசு என்ன மதம் பார்த்தா கடிக்கும்? போதாததற்குப் பன்றிகளே இருமிக்கொண்டிருந்தன. ஒரு மைல் தூரம் கேட்கும் இருமல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். இதற்கிடையே பன்றிகளை வேறு ஊர்களுக்கு விற்க, நோயும் அவற்றோடு நெகிரி செம்பிலான் போய்ச் சேர்ந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த சுவா காவ் பிங் என்பவர், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்.

இந்த இடத்தில் படங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. விஞ்ஞானி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவுடன் முள்முள்ளாக வைரஸ் தெரியும்! நானும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன்தான். சாதாரண மைக்ராஸ்கோப்பில் இந்த வைரஸ் தெரியவே தெரியாது. சுவா பார்த்தது அது செய்த சேதத்தை. வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, பெரிய பெரிய திட்டுகளாகியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் கைவரிசை அப்படி இருக்காது.

மாதிரிகளை எடுத்துக்கொண்டு அவரே அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். போய் இறங்கியது ஃபோர்ட் காலின்ஸ். கொசு, உண்ணி பரப்பும் நோய்களுக்கான ஆய்வகம்! அங்கே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததோ தட்டம்மை வைரஸின் சொந்தக்காரன். 1994ல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு நெருங்கிய உறவு. அதன் பிறகுதான் குறி கொசுவை விட்டுப் பன்றிக்கு மாறியது. ராணுவத்தை இறக்கி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105. நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிபாவின் பெயரே வைரஸுக்கு நிலைத்துவிட்டது. பாவம் அந்த ஊர்.

பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால் மேல் சந்தேகம். பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன. சுவாவின் குழு தியோமான் தீவுக்குப் போய், வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சொட்டுகிற மூத்திரத்துக்காகக் காத்திருந்தது. எந்த இயக்குநரும் இதை எடுக்க மாட்டார். ஆனால் அந்த மூத்திரத்திலும், வௌவால் கடித்துப் போட்ட ஒரு பழத்திலும்தான் கடைசியில் நிபா சிக்கியது.