ரியூனர் வாங்கினால் நன்றாகக் கேட்குமா? ஹாம் வானொலி கேள்வி-பதில்

கேள்வி: ரியூனரை (அன்டனாவை வானொலிக்குப் பொருத்தும் பெட்டி) திருப்பினால் 40 மீற்றர் பட்டையில் (7 மெகாஹேர்ட்ஸ்) எஸ்-மீற்றர் (சைகையின் பலம் காட்டும் மானி) முள் நன்றாக ஏறுகிறது. ஆனால் குரல் முன்பைவிடத் தெளிவாக இல்லையே? (களுவாஞ்சிகுடி)

பதில்: முள் ஏறும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறதே, கவனித்தீர்களா? 40, 80 மீற்றரில் நாம் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு அன்டனா வழியாகத்தான் வருகிறது. தொலைவில் வெட்டும் மின்னல், பக்கத்து வீட்டு எல்ஈடி பல்ப், இன்வேட்டர் எல்லாம் அதில் அடக்கம். பொருத்தமில்லாத அன்டனா குரலையும் இரைச்சலையும் ஒரே அளவில் குறைக்கும். ரியூனர் இரண்டையும் ஒரே அளவில் கூட்டும். காதுக்குத் தேவையானது இரண்டுக்கும் இடையிலான விகிதம், அது மாறவில்லை. ரியூனர் முதலில் பரப்பிக்கான, அதாவது அனுப்பும் பகுதிக்கான சாமான்: அதற்கு 50 ஓம் சுமையைக் காட்டுவதுதான் அதன் வேலை.

ஆனாலும் உதவும் இடம் ஒன்று உண்டு. அன்டனாவைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் கேட்பதற்கு அன்டனா போதும். மாற்றமே இல்லை என்றால் நீங்கள் கேட்பது வானொலியின் சொந்த இரைச்சல். ஜன்னலில் தொங்கும் குட்டி வயர்க்காரர்களுக்கு இப்படி நடக்கும். அவர்களுக்கு ரியூனர் உண்மையிலேயே பலன் தரும்.

கேள்வி: இருட்டினதும் 7 மெகாஹேர்ட்ஸில் எங்கோ பாட்டு, எங்கோ செய்தி, எல்லாம் கலந்து கேட்கிறது. பிரிசெலக்டர் (வேண்டிய பட்டையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) வாங்கவா? (அக்கரைப்பற்று)

பதில்: காசைக் கொஞ்சம் பிடியுங்கள். முதலில் ரிக்கில் (வானொலிப் பெட்டியில்) உள்ள அற்றெனுவேற்றரை (வரும் சைகையைக் குறைக்கும் சுவிட்ச்) 10 டெசிபெல்லுக்குப் போடுங்கள். உண்மையான நிலையம் 10 டெசிபெல்தான் குறையும். பலமான இரண்டு நிலையங்கள் வானொலிக்குள் மோதிப் பிறந்த மூன்றாம் படிப் போலி 30 டெசிபெல் விழும். உதாரணமாக 7.250, 7.340 மெகாஹேர்ட்ஸில் பலமான ஒலிபரப்பு இருந்தால் 7.160இல் (7.250இன் இரு மடங்கிலிருந்து 7.340 கழித்தது) பேய்க்குரல் கேட்கும். அவை நம் பட்டைக்கு அடுத்த வீட்டில் இருப்பவை. சாதாரண பிரிசெலக்டரால் அவ்வளவு கிட்டத்தில் வெட்ட முடியாது. அங்கே அற்றெனுவேற்றர்தான் மருந்து, செலவும் இல்லை.

பிரிசெலக்டர் பேர் வாங்குவது தூரத்து எதிரிகளிடம். 9.5இலும் 11.7இலும் உள்ள நிலையங்கள் கூடி 21.2இல் தலைகாட்டும், பிரிசெலக்டர் அதைச் சுத்தமாக அடக்கும். 455 கிலோஹேர்ட்ஸ் இடைநிலை அலைவரிசை (வந்த சைகையை வானொலி உள்ளே மாற்றிக்கொள்ளும் அலைவரிசை) கொண்ட பழைய செற்றும் அப்படித்தான். 14.200ஐக் கேட்கும்போது, 455இன் இரு மடங்கான 910 கிலோஹேர்ட்ஸ் தள்ளி 15.110இல் உள்ள ஒலிபரப்பும் நுழைந்துவிடும்.

கேள்வி: யூஎஸ்பி டொங்கிளில் (கணினியில் செருகும் சின்ன வானொலி) சிற்றலை கேட்கிறேன். 7.1இல் இல்லாத நிலையமெல்லாம் வருகிறது. (காத்தான்குடி)

பதில்: ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 என்றால், நேரடி மாதிரி முறையில் (அலையை நேரே எண்களாக்கும் முறை) அது வினாடிக்கு 28.8 மில்லியன் மாதிரி எடுக்கிறது. அதனால் 28.8இலிருந்து 7.1 கழித்தால் வரும் 21.7ம் மடிந்து அதே இடத்தில் உட்காரும். போதாக்குறைக்கு எண்ணாக்கும் மாற்றியும் 8 பிட்தான். பலமான ஒரு நிலையம் வந்தால் திணறிவிடும். பிரிசெலக்டருக்கு முழு வேலை இருப்பது இங்கேதான். இவருக்குத் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: என்னிடம் உள்ள டி-வகை ரியூனரையே பிரிசெலக்டராகப் பாவிக்கலாமா? (மட்டக்களப்பு)

பதில்: கொஞ்சம் செய்யும். தொடரில் இரண்டு கொன்டென்சர், நடுவிலிருந்து தரைக்கு ஒரு சுருள். இந்த அமைப்பு தாழ்ந்த அலைவரிசைகளைத் தடுக்கும். மத்திய அலை நிலையங்கள் தொல்லை தந்தால் வித்தியாசம் தெரியும். மேலே இருந்து வரும் தொல்லைக்கு அவ்வளவு உதவாது.

கேள்வி: பிரிசெலக்டரைப் போட்டபடியே அனுப்பலாமா? (கல்முனை)

பதில்: கூடாது. 100 வாட் போனால் உள்ளே உள்ள சின்னச் சுருளும் கொன்டென்சரும் கருகும். அனுப்பும்போது அதைத் தாண்டிப் போக ஒரு ரிலே (மின்னால் மாறும் சுவிட்ச்) வையுங்கள்.

கேள்வி: கடற்கரைக்குக் கிட்ட வீடு. வெயில் காலத்தில் ஓயாத கரகரப்பு. எந்தப் பெட்டியும் உதவவில்லை. (கல்லடி)

பதில்: உதவாது. நீங்கள் கேட்கும் பட்டைக்குள்ளேயே இருக்கும் இரைச்சலைப் பிரிசெலக்டர் எப்படிப் பிரிக்கும்? மெயின் சுவிட்சை நிறுத்தி, பற்றரியில் கேட்டுப் பாருங்கள். நின்றால் சாமான் உங்கள் வீட்டில். நிற்காவிட்டால் மின்கம்பத்துப் பீங்கானில் உப்புப் படிந்து பொறி பாயலாம். ஒரு நல்ல மழை கழுவினதும் கரகரப்பு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் சந்தேகம் வலுக்கும். மத்திய அலை எடுக்கும் சின்ன ட்ரான்சிஸ்டர் ரேடியோவோடு ஒழுங்கையில் நடந்தால் எந்தக் கம்பம் என்று ஓரளவு பிடிபடும். கம்பத்தில் கைவைக்காமல், அதன் இலக்கத்தைக் குறித்து மின்சாரக் காரியாலயத்தில் கொடுங்கள்.