வெள்ளைத் துணி

அன்புள்ள ஐயா,

யுகோஸ்லாவியா பற்றிய உங்கள் கட்டுரையில் அரசியல்வாதிகளைச் சாடியிருக்கிறீர்கள். செர்பியர், குரோவேஷியர், முஸ்லிம்கள் எல்லாம் காலங்காலமாகப் பகையாளிகள்தானே? யுகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோ அடக்கி வைத்திருந்தார். அவர் போனதும் அடித்துக்கொண்டார்கள். இதில் தலைவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

டிட்டோ இறந்தது 1980 மே மாதம். யுகோஸ்லாவியாவிலிருந்து ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் விடுதலையை அறிவித்தது 1991 ஜூனில். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளைத்தான் நாம் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கடன் நாட்டின் கழுத்தை நெரித்தது. 1989இல் பணவீக்கம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டு செர்பியத் தலைவர் மிலோசெவிச், செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ மாகாணத்தின் தன்னாட்சியைப் பறித்தார். சம்பளப் பணம் கையில் கரைந்துகொண்டிருந்தவர்களிடம், உன் துன்பத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரன் என்று தொலைக்காட்சி நாள்தோறும் சொன்னது.

பழைய காயம் இருந்தது, மறுக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் யாசெனோவாட்ஸ் முகாமில் குரோவேஷிய பாசிஸ்டுகளான உஸ்தாஷாக்கள் செர்பியர்களையும் யூதர்களையும் ரோமா (ஜிப்சி) மக்களையும் கொன்று குவித்தார்கள். அந்த நினைவு பல வீடுகளில் ஆறாமல் கிடந்தது. தலைவர்கள் அதைத்தான் கிளறினார்கள்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது பிரியேடோர் என்ற ஊரை. யுகோஸ்லாவியாவின் குடியரசுகளில் ஒன்றாக இருந்த போஸ்னியாவில் இருக்கிறது. அங்கே முஸ்லிம்களும் செர்பியர்களும் ஏறக்குறைய சரிபாதி. 1992 ஏப்ரல் கடைசியில் செர்பிய தேசியவாதிகள் ஊரைக் கைப்பற்றினார்கள். ஒரு மாதம் கழித்து வானொலியில் ஓர் உத்தரவு: செர்பியர் அல்லாதோர் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், வெளியே வந்தால் கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும்.

ஏன் கட்டச் சொன்னார்கள், எஸ்.? தெருவில் நடந்து போகிறவர் யாரென்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே முகம், ஒரே பேச்சு. நூற்றாண்டுப் பகை என்கிறோமே, அந்தப் பகைக்கு ஆளைக் காட்டவே ஒரு முழம் துணி தேவைப்பட்டிருக்கிறது. அதே நாட்களில் செர்பியர் அல்லாதோரை அடைத்து வைக்க ஓமார்ஸ்கா, கெராடெர்ம் முகாம்கள். அந்த வட்டாரத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 102 பேர் குழந்தைகள்.

1995 டேட்டன் அமைதி ஒப்பந்தம் போஸ்னியப் போரை நிறுத்தியது. அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் துணி கட்டிப் பிரித்தவர்களின் கணக்கையே அது அரசியல் சட்டமாகவும் எழுதிவிட்டது. போஸ்னியாவின் அதிபர் குழுவில் ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோவேஷியர், ஒரு செர்பியர். வேறு யாரும் போட்டியிட முடியாது. ஒரு ரோமாவும் ஒரு யூதரும் வழக்குத் தொடுத்தார்கள். இது பாகுபாடு என்று 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1991 கணக்கெடுப்பில் போஸ்னியாவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் தங்களை வெறுமனே ‘யுகோஸ்லாவியர்’ என்று பதிந்திருந்தார்கள். அவர்களுக்கும் அந்த மூன்று நாற்காலிகளில் இடமில்லை.