எழுந்து போகிறவரிடம் எப்படிப் பேசுவது? - கேள்வி பதில்

வீட்டுக்குள் பேச்சு ஏன் சண்டையில் முடிகிறது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். குடும்ப ஆலோசகராக 16 வருடம் உட்கார்ந்து கேட்ட அதே கதைகள்தான் வந்திருக்கின்றன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் வாயைத் திறந்தாலே கணவர் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். கல்லிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது.

பதில்: அவர் கல் இல்லை, அதுதான் சிக்கலே. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் 1980களில் தம்பதிகளைக் கூப்பிட்டு, வழக்கமாகச் சண்டை வருகிற விஷயத்தையே 15 நிமிடம் பேசச் சொல்லி, இதயத்துடிப்பை அளந்தார். வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பவர்கள் பலருக்கு உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் காதில் எதுவும் ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆக, மாடிக்குப் போவது தப்பில்லை. சொல்லாமல் போவதும், போனவர் அந்தப் பேச்சுக்குத் திரும்பியே வராததும்தான் தப்பு. "இப்ப முடியல, சாப்பிட்டதும் பேசலாம்" என்று அவர் சொல்லிவிட்டுப் போகட்டும், சாப்பிட்டதும் வந்து உட்காரட்டும். சண்டை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து இதை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று, அந்த 20 நிமிடமும் நீங்கள் சமையலறையில் அடுத்த வசனத்தைத் தயார் செய்துகொண்டிருந்தால், பாத்திரம் உருள்கிற சத்தத்திலேயே மாடியில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்!

கேள்வி: விருந்தாளிகள் முன்னால் மாமியார் என் சமையலைக் குறை சொல்கிறார். "நீங்க எப்பவுமே என்னை மட்டம் தட்டுறீங்க" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை.

பதில்: கேட்டது சரி, 'எப்பவுமே' போட்டதுதான் வினை. உடனே அவர் மனது "போன தீபாவளிக்கு உன் அதிரசத்தைப் புகழ்ந்தேனே" என்று கணக்குப் பார்க்கப் போய்விடும், உங்கள் வலி ஓரமாக நிற்கும். மார்ஷல் ரோசன்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலிருந்து சொல்லிக்கொடுத்த முறையில் நான்கு படி: கண்ணால் பார்த்தது, அதனால் மனதில் பட்டது, எனக்கு என்ன தேவை, இப்போது என்ன கேட்கிறேன். மூன்றாவதை அப்படியே தமிழில் சொன்னால் கலெக்டருக்கு மனு கொடுப்பது போல இருக்கும் என்பதால் நான் அதைப் பேச்சோடு கரைத்துவிடச் சொல்வேன். "நேத்து சித்தி இருக்கும்போது குழம்பு தண்ணியா இருக்குன்னு சொன்னீங்க அத்தை, எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. அடுத்த தடவை உள்ள வந்து எங்கிட்ட மட்டும் சொல்லுங்க." அவ்வளவுதான். குழம்பு தண்ணியாகத்தான் இருந்தது என்றால் அதையும் ஒப்புக்கொண்டுவிடுங்கள், பாதி சூடு அங்கேயே இறங்கிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு ஃபோன் செய்தால் "சாப்பிட்டியா? சரி, அம்மாகிட்ட தரேன்". வேறு பேச்சே இல்லை.

பதில்: "எப்படிப்பா இருக்கீங்க" என்று கேட்காதீர்கள். "பைக் செயினுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணெய் விடணும்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போகும்.

கேள்வி: தோழியின் அம்மா இறந்துவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னும் போகவே இல்லை.

பதில்: போங்கள். 'வயசானவங்கதானே', 'நல்ல சாவு', 'அழாதே' மூன்றையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். 16ஆம் நாள் காரியம் முடிந்ததும் கூட்டம் கலைந்து வீடு வெறிச்சோடிவிடும், அன்றைக்கு ஒரு தூக்கு இட்லி மாவோடு போய் உட்கார்ந்து, "அம்மா உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேளுங்கள். அப்புறம் அவள் பேசுவாள், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கேள்வி: கணவர் கோபம் வந்தால் கை நீட்டுகிறார். நான் நயமாகப் பேசினால் மாறுவாரா?

பதில்: மாட்டார். இது நீங்கள் பேசும் விதத்தால் வந்ததே இல்லை, மேலே சொன்ன எதையும் அவரிடம் முயற்சி செய்ய வேண்டாம். 181க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு அவர் பெயரில் இருந்தாலும் அவர் பாட்டுக்கு உங்களை வெளியே தள்ள முடியாது. உங்கள் ஃபோனை அவர் எடுத்துப் பார்ப்பவர் என்றால் பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து பேசுங்கள்.