சூட்டில் கிளம்பாத அவுட்போர்டு மோட்டார்: கேள்வி பதில்

படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்தான் அவுட்போர்டு. அதில் கார்புரேட்டர் (காற்றோடு எரிபொருளைக் கலந்து தரும் பாகம்) வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டே குறைகள்: சூடாக இருக்கும்போது மறுபடி கிளம்பவில்லை; ஐடிலிங்கில் (மெதுவோட்டத்தில்) குலுங்கி நின்றுவிடுகிறது.

பாம்பனிலிருந்து: அண்ணா, காலையில் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. வலை போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து இழுத்தால் கை ஓய்ந்து போகிறது, கிளம்புவதில்லை. நன்றாக ஆறிய பிறகு ஒன்றும் நடக்காதது போலக் கிளம்புகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன்.

தம்பி, மோட்டார் ஓடும் வரை கடல்நீர் உள்ளே சுற்றிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நிறுத்தியதும் அந்த நீரை ஏற்றும் இம்பெல்லர் சக்கரம் நின்றுவிடும், நீரோட்டமும் நின்றுவிடும். சிலிண்டரில் தேங்கிய சூடு அடுத்த பத்து, இருபது நிமிடங்களில் மேல் மூடிக்குள் உள்ள எல்லாவற்றுக்கும் பரவும். ஓடும்போது இருப்பதைவிட நின்ற பிறகுதான் கார்புரேட்டர் அதிகம் சூடாகிறது. பெட்ரோலின் லேசான பகுதிகளோ 40 டிகிரிக்கு அருகிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தில் இருப்பது கொதித்து அதன் தொண்டைக்குள் (காற்றுப் பாதைக்குள்) வழிந்தால் சிலிண்டர் பெட்ரோலில் நனைந்துபோகும். கிண்ணம் வற்றிக் குழாயில் ஆவி அடைத்தால் சொட்டு எரிபொருள்கூட உள்ளே போகாது. வெளியே தெரியும் அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான். வைத்தியமோ நேர் எதிர்.

ஆகவே கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே, படகிலேயே, பிளக்கைக் (பொறி தரும் ஸ்பார்க் பிளக்கை) கழற்றிப் பாருங்கள். கரைக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் பிளக் எதையும் காட்டிக்கொடுக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

பிளக்கின் முனை நனைந்து மினுமினுத்தால், வெள்ளைப் பீங்கானில் பெட்ரோல் வழிந்திருந்தால், எரிபொருள் மிகுதி. துடைத்து மாட்டுங்கள். காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டும் சோக்கைத் தொடாதீர்கள், எரிபொருள் குழாயில் உள்ள ரப்பர் பல்பை அமுக்காதீர்கள். நியூட்ரலில் திராட்டிலை முழுவதும் திறந்து ஐந்தாறு முறை இழுங்கள். பிடித்த நொடியில் திராட்டிலை இறக்கிவிடுங்கள். நீங்கள் விழுந்தால் மோட்டாரை அணைக்கும் நிறுத்துவிசையின் சிவப்புச் சுருள் கயிறு மணிக்கட்டில் இருக்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுக்காது: கயிறு மணிக்கட்டில் இல்லாமல் மோட்டாரை இழுக்காதீர்கள்.

பிளக் காய்ந்திருந்தால், அம்புக்குறி மேல் நோக்கும்படி பல்பைப் பிடித்து, அது இறுகும் வரை அமுக்குங்கள். பாதி சோக் போட்டு இழுங்கள். பல்பு இறுகவே இல்லை என்றால் குழாயின் இணைப்பு ரப்பரிலோ பல்பின் வால்விலோ காற்று நுழைகிறது.

பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. டேங்க் மூடியில் காற்றுத் திருகு இருக்கிறதல்லவா? மோட்டாரை நிறுத்தியதும் அதை மூடிவிட்டு, குழாயை மட்டும் மாட்டியபடியே விட்டுவிடுகிறார்கள். வெயிலில் டேங்க் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பெட்ரோலைக் குழாய் வழியே தள்ளி, மிதவைக் கிண்ணத்தின் வாயை அடைக்கும் ஊசி வால்வையும் மீறி மோட்டாருக்குள் செலுத்திவிடும். நிறுத்தியதும் குழாயை மோட்டாரிலிருந்து கழற்றிவிடுங்கள், அல்லது திருகைத் திறந்தே வையுங்கள். கார்புரேட்டரை மூன்றாம் முறை கழற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்.

குளச்சலிலிருந்து: பிளக் அளவாகத்தான் நனைந்திருக்கிறது. ஆனால் சூட்டில் பிளக்கின் பொறி (ஸ்பார்க்) மங்கலாக மஞ்சளாக வருகிறது. ஆறினால் நீலமாகிவிடுகிறது.

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மின்னழுத்தத்தை உயர்த்தும் இக்னிஷன் காயிலோ, மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரோ, பொறியை இயக்கும் சிடிஐ மின்னணுப் பெட்டியோ சூட்டில் பலவீனமாகிறது. சூடாக இருக்கும்போதே மீட்டர் வைத்து மின்தடையை அளந்து, அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பொறி பார்க்கும்போது பிளக்கின் உடல் பிளாக்கில் இறுக்கமாகப் பதிந்திருக்கட்டும், திறந்த பிளக் துளையிலிருந்து தள்ளி இருக்கட்டும். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவிதான் வெளியே வருகிறது.

மன்னார், பேசாலையிலிருந்து: ஐயா, எங்களுடையது பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டார். வலை இழுக்கும்போது மெதுவாக ஓட்டினால் குலுங்குகிறது. நிறுத்தினால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. பெட்ரோலை மிச்சப்படுத்தவே மண்ணெண்ணெயில் நிறுத்துகிறோம்.

மிச்சம் பிடிக்க வேண்டிய நிலை புரிகிறது. 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. பெட்ரோலோ அப்போது அதையும் மிஞ்சிய விலை. ஆனால் நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாறாததால்தான் உங்கள் மோட்டார் அடம்பிடிக்கிறது. மண்ணெண்ணெய் நன்கு சூடான எஞ்சினில்தான் முறையாக ஆவியாகும். மெதுவாக ஓடும்போது உள்ளே சூடு குறைகிறது. ஆவியாகாத துளிகள் பிளக்கில் படிந்து பொறியைக் கொல்கின்றன. அதுதான் குலுக்கல். அப்படியே நிறுத்தினால் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் நிற்கும். சற்று ஆறியதும் அதில் பற்றாது.

வலை இழுக்கும் நேரத்துக்கும், நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பும் பெட்ரோலுக்குத் திருப்பிவிடுங்கள். கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து பெட்ரோல் நிரம்ப வேண்டும். செலவாவது சிறிதளவுதான். அது பிளக்குக்கும் தோள்பட்டைக்கும் ஆகும் செலவைவிடக் குறைவு.

இன்னொன்று: பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். யமஹா எண்டியூரோ வரிசையில் மண்ணெண்ணெய்க்கென்றே தனி மாடல்கள் உண்டு. அவற்றில் அமுக்க விகிதம் குறைவு. பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஓடினால் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் தட்டல் ஏற்பட்டு பிஸ்டன் உடையும்.

காசிமேட்டிலிருந்து: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் ஐடிலிங் கெட்டது என்கிறார்கள். உண்மையா?

ஓரளவு உண்மை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு ஏறத்தாழ 7, 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். எரிபொருளை அளந்து விடும் பழைய ஜெட் துளை அதைத் தராது. கலவை நீர்த்துப்போய் (காற்றுக்கு எரிபொருள் குறைந்துபோய்) மெதுவோட்டம் தடுமாறும். அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். கடல்காற்றின் ஈரத்தை எத்தனால் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சுகுழலின் வாயும் அங்கேதான் இருக்கிறது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் அந்த அடுக்கில் கலப்பதில்லை. எஞ்சின் எண்ணெய் இல்லாமல் ஓடும். வாரக்கணக்கில் கிடந்த பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். அடியில் கோடு தெரிந்தால் அதை மோட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

பழவேற்காட்டிலிருந்து: சூடானால் கிளம்பவில்லை. என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கடலூரிலிருந்து: நீண்ட தண்டு வைத்த டீசல் எஞ்சின், கரும்புகை.

டீசலில் கார்புரேட்டரே கிடையாது. இன்ஜெக்டர் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: ஐடிலிங்கில் புகைந்து நிற்கிறது. பாதுகாப்புக்காக லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய் ஊற்றுகிறேன்.

கையேடு 50-க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய்) என்றால் லிட்டருக்கு 20 மில்லிதான். கூடுதல் எண்ணெய் எரியாமல் பிளக்கில் கரியாகிறது. அதோடு எண்ணெய் கூடும் அளவுக்கு அந்த லிட்டரில் பெட்ரோல் குறைகிறது, கலவையும் நீர்க்கிறது. 20 மில்லிக்கு இறங்குங்கள். புது எஞ்சினைப் பழக்கும் காலத்துக்கு மட்டும் கையேடு கூடுதலாகக் கேட்கும்.

முட்டத்திலிருந்து ஒருவர் குறுக்கிட்டு: இதை ஏற்க முடியாது. என் அப்பா காலத்திலிருந்து 40 மில்லிதான். ஒரு பிஸ்டன்கூடப் போனதில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கடலில் எஞ்சின் இறுகிப்போனால் யார் பொறுப்பு?

உங்கள் அப்பா செய்தது சரி. அவர் காலத்து மோட்டார்களும் அன்றைய எண்ணெயும் 25-க்கு 1 கேட்டன. இன்றைய மோட்டாருக்கும் இன்றைய எண்ணெய்க்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. பழைய மோட்டாரையே ஓட்டினால் அதன் கையேடு சொல்வதை ஊற்றுங்கள், எனக்கு மறுப்பில்லை. எஞ்சின் இறுகுவது பெரும்பாலும் இம்பெல்லர் தேய்ந்து நீர் ஏறாததால்தான். பக்கவாட்டில் பீய்ச்சும் நீர் வலுவாக வருகிறதா என்று பாருங்கள். எண்ணெயைக் கூட்டி அந்தக் குறையை மறைக்க முடியாது.

அதே முட்டம்: பைக் எண்ணெய் மலிவு. அதையாவது ஊற்றலாமா?

கூடாது. பைக் எஞ்சின் காற்றில் ஆறி அதிகச் சூட்டில் ஓடுவது. அதன் எண்ணெயில் சாம்பல் விடும் சேர்க்கைகள் இருக்கும். நீரில் ஆறும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற தரக்குறி டப்பாவில் அச்சிட்டது மட்டும்தான்.

யாழ்ப்பாணம், குருநகரிலிருந்து: மண்ணெண்ணெய் டேங்கிலும் எண்ணெய் கலக்க வேண்டுமா? வேண்டாம் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர்.

எண்ணெயைத் தானே செலுத்தும் மாடல் அல்ல என்றால் இரண்டு டேங்கிலும் கட்டாயம் கலக்க வேண்டும். மண்ணெண்ணெய் பிசுபிசுப்பாக இருப்பதால் அதுவே எண்ணெய் என்று நம்பி எஞ்சினை இழந்தவர்கள் கரைதோறும் இருக்கிறார்கள். பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் இன்றே சொல்லுங்கள். எண்ணெய் விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

நாகப்பட்டினத்திலிருந்து: வேகத்தில் அருமையாக ஓடுகிறது. ஐடிலிங்கில் மட்டும் தும்மித் தும்மி நிற்கிறது. பிளக் புதிது, எண்ணெய் சரி.

தெளிவாகக் கேட்டதற்கு நன்றி. வேகத்தில் குறை இல்லாததால் மெதுவோட்டத்துக்கு எரிபொருள் விடும் ஸ்லோ ஜெட்டையே முதலில் சந்தேகிக்கிறேன். அதன் துளை மயிரிழை அளவுதான். உலர்ந்த பெட்ரோலின் பிசின் ஒரு பொட்டு போதும், அடைத்துவிடும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள்.

அது சுத்தமாக இருந்தால் கார்புரேட்டரின் அடி கேஸ்கட்டில் காற்றுக் கசிவு பாருங்கள். தொண்டை வழியே பெட்ரோல் பின்னால் தெறித்தால் உள்ளே போன கலவையைத் திரும்ப விடாத ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர் என்றால் ஒவ்வொன்றாகப் பொறியை நிறுத்திப் பாருங்கள்; எதை நிறுத்தினால் ஓட்டம் மாறவில்லையோ அதில்தான் குறை. வயரைச் சும்மா பிடுங்கித் தொங்கவிடாதீர்கள், பிளாக்கோடு எர்த் செய்யுங்கள். இல்லாவிட்டால் சிடிஐ போய்விடும்.

ஊர் குறிப்பிடாத ஒருவர்: கலவைத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும்?

மாடல் எது, பிளக் எப்படி இருந்தது என்று எழுதாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. உள்ளே திருகினால் கலவை கெட்டியாகுமா நீர்க்குமா என்பதே மாடலுக்கு மாடல் மாறும்.

தூத்துக்குடியிலிருந்து: கரையில் டிரம்மில் வைத்து ஐடிலிங் சரிசெய்யலாமா?

நீர் உள்வாங்கும் துளைகள் முழுவதும் மூழ்கியிருந்தால் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் டிரம்மில் மோட்டார் தன் புகையையே திரும்ப இழுக்கும், பின்னழுத்தமும் மாறும். அங்கே வைத்த அளவு கடலில் நிற்காது. படகைத் துறையில் கட்டி, மோட்டார் சூடேறிய பின் கியர் போட்டு, அந்த நிலையில் நிற்காமல் ஓடும்படி திருகை வையுங்கள்.